வடகரைக்குப் போட்ட வழி

தை மாதத்தின் கடைசி ஞாயிறு, காலை ஆறு ஐம்பது. நான் காவிரியின் வடகரையில் நிற்கிறேன். மச்சான் தென்கரையில் நிற்கிறார். நடுவே மணல். மணலுக்கு நடுவே வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர். அவர் ஹெல்மெட்டைக் கழற்றி ஆட்டினார். என்னோடு நின்ற சித்தப்பா மகன் தேர் பார்க்க வந்தவன் மாதிரி பதிலுக்குக் கையை ஆட்டினான். போன் அடித்தது.

“மாப்ளே, எந்தக் கரையில நிக்கிறீங்க?”

“வடகரைதான் மச்சான். நீங்க ஏன் பாலம் ஏறுனீங்க?”

“நான் எங்க ஏறுனேன்? மிஷின்தான் ரைட்டுல திரும்புன்னுச்சு. நீங்க போட்டுக் குடுத்த ரூட்டுதானே இது?”

நான் போட்டுக் கொடுத்ததுதான். முதல் நாள் இரவு, என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், ஒரே லேப்டாப்பிலிருந்து, ஒரே ஃபைலை என் ஜிபிஎஸ்ஸிலும் அவருடைய ஜிபிஎஸ்ஸிலும் ஏற்றினேன். இரண்டிலும் ஒரே பெயர், ஒரே 22 புள்ளிகள். அப்படியிருந்தும் ஒன்று வடகரை என்றது, இன்னொன்று தென்கரை என்றது. என் தொழில் நில அளவை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்று முழுக்க நான் கேட்ட கேலிக்கெல்லாம் காரணம் அதுதான்.

“சாட்டிலைட் சரியில்ல போல” என்று சார் சமாதானம் சொன்னார். சார் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், எங்கள் கூட்டத்தில் மூத்தவர். நல்ல மனதோடு சொன்னாலும் அது சரியில்லை. டெல்டாவில் மலையும் கிடையாது, உயர்ந்த கட்டடமும் கிடையாது. வானம் தட்டு மாதிரி திறந்து கிடக்கிறது. இங்கே சாதாரணக் கருவிகூட 5 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும். மச்சான் எங்கே நிற்கிறார் என்பது அந்தக் கருவிக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. எங்கே போக வேண்டும் என்பதைத்தான் அது வேறு மாதிரி புரிந்துகொண்டிருந்தது.

இரண்டு கரை ஊர்

கல்லணையில் புறப்பட்டு, காவிரியை விட்டு விலகாமல் பூம்புகார் வரை போவதுதான் எங்கள் திட்டம். ஐந்து வண்டி. வழக்கமாக ஜனவரி 28-ல் மேட்டூரை மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு ஆறு வற்றத் தொடங்கும், சம்பா அறுப்பு நடக்கும், கரைச் சாலைகள் காய்ந்து கிடக்கும். பைக்கில் போக அதைவிட நல்ல சமயம் இல்லை.

இந்த ஊரில் வழி போடுவதில் இருக்கும் வம்பு வெளியூர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியாது. கல்லணையிலேயே ஆறு நாலாகப் பிரிந்துவிடுகிறது: கொள்ளிடம், காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று நாங்கள் சொல்லும் கல்லணைக் கால்வாய். கீழே போகப்போகக் குடமுருட்டி, அரசலாறு என்று இன்னும் பிரிகிறது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரை, பெரும்பாலும் கரைக்கு ஒரு சாலை. மேப்பை விரித்தால் சீப்புப் பல் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் ஓடும் கோடுகள். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் சில இடங்களில் 150, 200 மீட்டர்தான் இருக்கும். ஆனால் தவறிப்போய் அந்தப் பக்கத்துக் கோட்டில் ஏறிவிட்டால், திரும்ப இந்தப் பக்கம் வர அடுத்த பாலம் வரை போக வேண்டும். தேவாரத் தலங்களை எண்ணியவர்கள்கூட மாவட்டம், தாலுகா என்று பார்க்கவில்லை. காவிரி வடகரை 63, தென்கரை 127 என்றுதான் பிரித்தார்கள். எந்தக் கரை என்று சொல்லாவிட்டால் இங்கே முகவரியே முழுமையாகாது. என் ஃபைலில் 22 புள்ளிகள் இருந்தன, ஒன்றில்கூடக் கரை எழுதவில்லை.

போட்ட வழி இது: கல்லணை, கோவிலடி, திருவையாறு, கணபதி அக்ரகாரம், கபிஸ்தலம், சுவாமிமலை, கும்பகோணம். அங்கிருந்து ஆடுதுறை வரை தென்கரை. பிறகு ஆற்றைத் தாண்டிச் சூரியனார்கோயில், கஞ்சனூர், கதிராமங்கலம் பக்கமாக வடகரையிலேயே போய், குத்தாலத்தில் மறுபடி தென்கரை ஏறி, மயிலாடுதுறை வழியாகப் பூம்புகார். லேப்டாப்பில் மொத்தம் 141.4 கிலோமீட்டர் காட்டியது.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே ஒரு கண்டம் தப்பியது. சார் பழைய நோட்டிலிருந்து கல்லணையின் அட்சரேகை தீர்க்கரேகையை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார்: 10 பாகை 49.8 கலை வடக்கு, 78 பாகை 49.2 கலை கிழக்கு. அதைச் சித்தப்பா மகன் 10.498, 78.492 என்று தட்டிவிட்டான். புள்ளி மணப்பாறைக்குத் தெற்கே ஒரு பொட்டலில் போய் விழுந்தது. கலையை 60-ஆல் வகுத்த பிறகுதான் புள்ளிக்குப் பின்னால் எழுத வேண்டும். சரியான எண் 10.830, 78.820. வகுக்காமல் விட்டதற்குத் தெற்கே 37 கிலோமீட்டர், மேற்கே 36 கிலோமீட்டர் தண்டனை. இவ்வளவு பெரிய தப்பு நல்லது, பார்த்ததுமே கண்ணில் குத்தும். எங்களைக் கவிழ்த்தது 80 மீட்டர் தப்பு.

ஃபைலுக்குள் என்ன இருக்கிறது

வழியை ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகப் பெரும்பாலும் எல்லோரும் பயன்படுத்துவது ஜிபிஎக்ஸ் ஃபைல். வெறும் எழுத்து ஃபைல்தான். நோட்பேடில் திறந்தே படிக்கலாம். 2004-ல் வந்த 1.1 பதிப்புதான் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதற்குள் மூன்று விதமான சரக்கு இருக்கலாம். வேபாயின்ட் என்பது தனித்தனிப் புள்ளி. அவ்வளவுதான், ஒன்றுக்கொன்று தொடர்பில்லை. ரூட் என்பது வரிசையாகப் போக வேண்டிய சில புள்ளிகள். டிராக் என்பது போன தடம். சில மீட்டருக்கு ஒன்றாக ஆயிரக்கணக்கான புள்ளிகள், அதைச் சேர்த்தால் கோடு.

பெரும்பாலோர் ஏமாறுவது ரூட்டில்தான், நானும் அதில்தான் ஏமாந்தேன். லேப்டாப்பில் சாலையோடு சாலையாக வளைந்து வளைந்து ஒரு கோடு தெரிகிறதல்லவா, அந்தக் கோடு முழுவதும் ஃபைலில் போவதாக நினைத்துக்கொள்கிறோம். போவதில்லை. நான் ஏற்றுமதி செய்த ஃபைலைத் திறந்தால் 22 ஜோடி எண்கள்தான் இருந்தன. 141 கிலோமீட்டருக்கு 22 முளை. முளைக்கும் முளைக்கும் நடுவே எப்படிப் போவது என்பதை ஒவ்வொரு கருவியும் தன் வயிற்றில் இருக்கும் மேப்பை வைத்து, தன்னிடம் போட்டிருக்கும் செட்டிங்கை வைத்து, புதிதாகக் கணக்குப் போடுகிறது. ஆக ஒரே ஃபைலை இரண்டு கருவியில் ஏற்றுவது, ஒரே புல எண்ணை இரண்டு அளவைக்காரரிடம் கொடுத்து “நீங்களே அளந்துக்குங்க” என்பது மாதிரி. கோடு ஒத்துவந்தால் அதிர்ஷ்டம்.

முளையிலும் இரண்டு ஜாதி உண்டு. வயா பாயின்ட் என்றால் நிறுத்தம்: அங்கே போயே ஆக வேண்டும், போனதும் கருவி “வந்துவிட்டீர்கள்” என்று அறிவிக்கும், தாண்டிப் போனால் விடாமல் திரும்பக் கூப்பிடும். ஷேப்பிங் பாயின்ட் என்றால் கோட்டை வளைக்க மட்டும் அடித்த முளை. அதன் வழியாகப் போகச் சொல்லும், அறிவிப்பு கிடையாது. பிரச்சினை என்னவென்றால், இந்த வேறுபாடு எல்லாச் செயலிக்கும் எல்லாக் கருவிக்கும் ஒரே மாதிரி கடத்தப்படுவதில்லை. ஒன்றில் முளையாக வைத்தது இன்னொன்றில் நிறுத்தமாக எழுந்து நிற்கும்.

அன்று நடந்தது

கருவி இருந்தது மூன்று பேரிடம்: நான், மச்சான், சார். சார் தனிக் கருவி வாங்கவில்லை. போனிலேயே ஒரு செயலி வைத்திருந்தார். அதில் அவர் ரூட்டை விட்டுவிட்டு, லேப்டாப் கோட்டையே டிராக்காக என்னிடம் தனியாகக் கேட்டு வாங்கி ஏற்றியிருந்தார். “எனக்குக் குரல் சொல்லல்லாம் வேணாம்ப்பா, கோடு தெரிஞ்சா போதும்” என்றார். அன்று ஐந்து பேரில் சரியான வழி கையில் இருந்த ஆள் அவர் ஒருவர்தான். ஆனால் அவர் எங்கள் பின்னால் வந்துகொண்டிருந்தார், நாங்கள் தப்பாகப் போகும்போதும் பெரிய மனுஷத்தனமாகப் பேசாமல் கூடவே வந்தார். “நீங்க ஏதோ குறுக்கு வழி கண்டுபிடிச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்.”

கோவிலடி தாண்டியதும் திருக்காட்டுப்பள்ளிக்குப் போகும் பாலத்தில் மச்சானும் அவர் நண்பரும் வலது பக்கம் திரும்பினார்கள். நாங்கள் மூவரும் முன்னால் போய்விட்டோம், கவனிக்கவில்லை. கால் மணி நேரம் கழித்து ஆறு ஒடுங்கும் ஒரு திருப்பத்தில்தான் எதிர்க்கரையில் அவர் ஆரஞ்சு ஜாக்கெட் தெரிந்தது. அதைத்தான் முதலில் சொன்னேன்.

இரண்டாவது கூத்து திருவையாற்றில். டிபன் சாப்பிட ஒரு கடையை நிறுத்தமாகப் போட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, கடை மூடியிருந்தது. முந்நூறு மீட்டர் முன்னாலேயே இன்னொரு கடையில் இட்லி சாப்பிட்டுவிட்டு, வேறு தெரு வழியாகக் கபிஸ்தலம் சாலையைப் பிடித்தோம். என் கருவி விடவில்லை. நாலு கிலோமீட்டர் தூரத்துக்கு “வாய்ப்பிருந்தால் திரும்பவும்” என்று காதுக்குள் கெஞ்சிக்கொண்டே வந்தது. நிறுத்தத்தைத் தாண்டச் சொல்லும் பொத்தான் அதில் இருக்கிறது. கையுறையோடு அதைத் தேடி அழுத்த வண்டியை ஓரம் கட்ட வேண்டியிருந்தது.

மூன்றாவது சத்தமே இல்லாமல் நடந்தது. கஞ்சனூரில் கும்பிட்டுவிட்டுக் கிளம்பியவர்கள் கொஞ்ச நேரத்தில் லாரி, பஸ் ஓடும் பெரிய சாலையில் இருந்தோம். ஆறு கண்ணிலேயே இல்லை. சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காயப்போட்டிருந்தார்கள், மீதிப் பாதியில் எதிரும் புதிருமாக வண்டி. வடகரை மரநிழல் என்று இரண்டு வாரமாக நான் ஆசை காட்டி வைத்திருந்த துண்டு அதுதான்.

பூம்புகாரில் கடலைப் பார்த்தோம், மீன் சாப்பிட்டோம், திரும்பினோம். அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

இரவில் பிரேதப் பரிசோதனை

வீட்டுக்கு வந்ததும் இரண்டு கருவியும் பதிவு செய்திருந்த தடத்தையும், சார் போனில் இருந்த தடத்தையும் லேப்டாப்பில் இறக்கினேன். கருவி நாம் போட்ட வழியை எப்படிக் கெடுத்தது என்பதற்குச் சாட்சி அதுதான். ஆனால் முதலில் நேரம் குழப்பியது. மச்சான் பாலம் ஏறிய புள்ளியில் 01:04 என்று இருந்தது. நடுராத்திரியிலா போனோம் என்று ஒரு கணம் திகைத்துப் போனேன். ஜிபிஎக்ஸ் ஃபைலில் நேரம் உலகப் பொது நேரப்படிதான் எழுதப்படும். நம் ஊர் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். கூட்டினால் 6:34. சரி.

அடுத்து, ஃபைலில் இருக்கும் 22 புள்ளிகளையும் ஒவ்வொன்றாக மிக நெருக்கமாக உருப்பெருக்கிப் பார்த்தேன். நாலாவது புள்ளி சாலையில் இல்லை. சாலையிலிருந்து 82 மீட்டர் தெற்கே, ஆற்று மணலில் கிடந்தது.

எப்படி என்று யோசித்தால் என் மேல்தான் வருகிறது. வழியின் பெரும்பகுதி திரையில் தெரிய வேண்டும் என்று மேப்பைச் சிறிதாக வைத்துக்கொண்டே புள்ளி வைத்தேன். இணைய மேப்புகளில் உருப்பெருக்கத்துக்கு எண் உண்டு. நான் வைத்திருந்தது 12. நம் அட்சரேகையில் அந்த அளவில் திரையின் ஒரு பிக்சல் ஏறக்குறைய 37 மீட்டர். கை இரண்டு பிக்சல் நடுங்கினால் 75 மீட்டர் போச்சு. அதே இது 17-ல் வைத்திருந்தால் ஒரு பிக்சல் ஒன்றேகால் மீட்டர்கூட வராது. வயலில் ஒரு அடி தள்ளிக் கல் நட்டால் அடிதடி நடக்கும் ஊரில், நான் முளையை ஆற்றுக்குள் அடித்துவிட்டுத் தூங்கியிருக்கிறேன்.

அப்படியானால் லேப்டாப்பில் ஏன் சரியாகத் தெரிந்தது? திட்டமிடும் செயலி, ஆற்றில் விழுந்த புள்ளியைப் பக்கத்திலிருந்த வடகரைச் சாலைக்குத் தானே இழுத்துக்கொண்டு கோடு போட்டுக் காட்டியது. ஆனால் ஏற்றுமதி செய்யும்போது இழுத்த இடத்தை எழுதவில்லை, நான் தட்டிய இடத்தையே எழுதியது. என் கருவியில் மேப் புதிது. அதுவும் வடகரைக்கே இழுத்துக்கொண்டது. மச்சான் கருவியின் மேப் பல வருடம் பழையது, அந்தத் துண்டில் வடகரைச் சாலையே வரையப்பட்டிருக்கவில்லை. மணலில் கிடக்கும் புள்ளிக்கு அதன் கண்ணில் பட்ட ஒரே சாலை தென்கரை. அதனால் அது ஒழுங்காக, தன் அறிவுக்கு எட்டியபடி, பாலம் ஏறச் சொன்னது. மச்சானைத் திட்டியதற்கு அப்போதே போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். “பரவால்ல மாப்ளே, தென்கரையில டீ நல்லாருந்துச்சு” என்றார்.

இங்கே நான் பெரிதாக நினைக்கும் விஷயம் ஒன்று இருக்கிறது. முதல் நாள் இரவே மொத்தத் தூரத்தை ஒப்பிட்டுப் பார்த்திருந்தேன். லேப்டாப்பில் 141.4. மச்சான் கருவியில் 141.9. அரை கிலோமீட்டர்தானே என்று அதற்கு நல்ல சான்றிதழ் கொடுத்தேன். என் கருவியில் 136.2, ஐந்து கிலோமீட்டர் குறைந்ததற்குக் கொஞ்சம் யோசித்து, “பக்கா ரூட்டு எடுத்திருக்கும்” என்று விட்டுவிட்டேன். இரவில் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மச்சான் கருவி கல்லணைக்கும் திருவையாற்றுக்கும் நடுவே 3 கிலோமீட்டர் கூட்டியிருந்தது, கஞ்சனூருக்கும் குத்தாலத்துக்கும் நடுவே 2.5 கிலோமீட்டர் குறைத்திருந்தது. கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று தின்றுவிட்டு, மொத்தம் நல்ல பிள்ளை மாதிரி நின்றது. இரண்டு இடத்தில் தப்பாகப் போன கருவிதான் கணக்கில் சரியாகத் தெரிந்தது.

என் கருவியில் குறைந்த 5.2-ல் அதே கஞ்சனூர் துண்டு 2.5. மீதி 2.7 எங்கே என்று தேடினால், கபிஸ்தலத்துக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே. ஆற்றோரச் சாலையை விட்டுவிட்டு உள்பக்கமாக நேராகப் போகும் ஒரு சாலையில் எங்களைக் கூட்டிப்போயிருக்கிறது. ஐந்து பேரும் போனோம், ஒருவருக்கும் உறைக்கவில்லை. இரண்டு பக்கமும் வயல், நடுவில் சாலை; எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கும். பழைய மேப்பில் அந்த உள்சாலை இல்லாததால் மச்சான் கருவி மட்டும் நான் விரும்பிய ஆற்றோரத்தையே காட்டியிருந்தது. ஆனால் திருவையாற்றில் சேர்ந்த பிறகு அவர் அதைப் பார்க்கவில்லை, என் பின்னால் வந்துவிட்டார்.

காரணம் ஊகமாக இருக்கக் கூடாது என்று ஒவ்வொரு செட்டிங்காக மாற்றி அதே ஃபைலை மறுபடி மறுபடி ஏற்றினேன். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. என் கருவியில் மண்சாலையைத் தவிர்க்கும் செட்டிங் போட்டிருந்தது. கடையில் வாங்கியதிலிருந்து அப்படியே இருந்திருக்கிறது. அதை எடுத்ததும் 137.5 வந்தது. கஞ்சனூருக்குக் கிழக்கே கரைச் சாலையின் ஒரு பகுதியை மேப்பில் யாரோ மண்சாலை என்று குறித்திருந்தார்கள், உண்மையில் அது தார்தான், கொஞ்சம் பெயர்ந்த தார். பிறகு, வேகமான வழிக்குப் பதிலாகக் குறைந்த தூரத்தைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தேன். இன்னும் மோசம், ஊருக்குள் சந்து சந்தாக நுழைந்தது. அதைப் பழையபடி வைத்துவிட்டு, கஞ்சனூர் துண்டில் நாலு முளையும் கபிஸ்தலம் துண்டில் மூன்று முளையும் கூடுதலாக அடித்தேன். 141.3. கோடும் ஒத்தது.

சின்னத் தொல்லைகள் வேறு. புள்ளிகளுக்குத் தமிழில் பெயர் வைத்திருந்தேன். கருவியில் தமிழ் எழுத்துரு இல்லாததால் எல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. முதல் நாள் ஒரு மணி நேரம் லேப்டாப் கருவியையே கண்டுகொள்ளவில்லை. கேபிள் சார்ஜ் மட்டும் போகும் கேபிள்.

புள்ளி வைக்கும் இடம்

அடுத்த ஃபைலைப் புதிதாகப் போட்டேன். இந்தத் தடவை ஒவ்வொரு புள்ளியையும் 17-ல் உருப்பெருக்கித்தான் வைத்தேன். பாலத்தின் மேல் வைக்கவில்லை. நம் ஊர்ப் பாலங்களின் முனையில் கரைச் சாலை குறுக்கே வந்து சேரும் அல்லது அடியில் நுழைந்து போகும். பாலத்தில் வைத்த புள்ளியைக் கருவி எந்தச் சாலைக்கு இழுக்கும் என்று சொல்ல முடியாது. முச்சந்தியில் வைத்தாலும் அதே கதை. கோயிலின் மேல் வைத்தால் சந்நிதித் தெருவுக்குள் கூட்டிப்போய்த் தேர்நிலையில் நிறுத்தும். நேரான சாலையில், பக்கத்தில் வேறு சாலை இல்லாத இடத்தில், திருப்பம் முடிந்து ஒரு 300, 400 மீட்டர் தள்ளி வைப்பதுதான் உத்தமம். கருவி வேறு வழியில் ஓடிவிடக்கூடிய ஒவ்வொரு பிரிவுக்கும் அடுத்து ஒரு முளை. அதற்கு மேல் தேவையில்லை. அள்ளித் தெளித்தால், ஒரு முளை தவறினாலும் கருவி பின்னால் இழுக்கும். நிறுத்தமாக வைத்தது மூன்றே மூன்று: புறப்படும் இடம், மதியச் சாப்பாடு, முடியும் இடம். டிபன் கடையை விட்டுவிட்டேன். பசி வரும் இடத்தில் இட்லிக் கடை இல்லாத ஊரா இது?

புள்ளியின் பெயரை ஆங்கில எழுத்தில், எண்ணோடு, கரையோடு சேர்த்து எழுதினேன்: கோவிலடி-4-வட, கஞ்சனூர்-17-வட என்கிற கணக்கில். திரையில் ‘வட’ என்று வரும்போது ஆறு வலது கைப்பக்கம் இருக்க வேண்டும். கிழக்கே போகிறவனுக்கு இதைவிட எளிய சரிபார்ப்பு கிடையாது.

ஒரே ஃபைலுக்குள் ரூட்டையும் டிராக்கையும் சேர்த்தே போட்டேன். டிராக்கைக் கருவி புதிதாகக் கணக்குப் போடாது. லேப்டாப்பில் நான் பார்த்த கோடு அப்படியே நீல நிறத்தில் மேப்பின் மேல் கிடக்கும். கருவி கணக்குப் போட்ட ரூட் அதன் மேல் இன்னொரு நிறத்தில் வரும். இரண்டும் ஒட்டிக்கொண்டே போனால் நிம்மதி. எங்கே நீலம் தனியாகப் பிரிகிறதோ அங்கே கருவி சொந்தப் புத்தியைக் காட்டுகிறது. இதை வீட்டிலேயே விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துவிடலாம், பத்து நிமிட வேலை. மச்சான் கருவியில் பார்த்தபோது கோவிலடிப் பக்கம் நீலக் கோடு வெறும் வெள்ளை நிலத்தில் போனது. சாலையே வரையப்படாத இடம். உடனே மேப்பைப் புதுப்பித்தோம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவிலிருந்து செய்த இலவச மேப் அவர் கருவிக்குக் கிடைத்தது, வீட்டு இணையத்தில் இறங்க அரை மணி ஆனது.

கடைசியாக, வழி தவறினால் தானே மறுகணக்குப் போடும் வசதியை இரண்டு கருவியிலும் நிறுத்திவைத்தேன். முதல் பயணத்தில் கருவி நம்மைக் கேட்காமலே புது வழி போட்டுக்கொண்டு, போட்ட வழியை மறந்துவிட்டது என்பதுதான் என் கோபம். சித்தப்பா மகன் மட்டும் வேண்டாம் என்றான். “அண்ணே, அப்பறம் ரோடு அடைச்சிருந்தா அது பேசாம உக்காந்துக்கும்.” சொன்னதைக் கேட்கவில்லை.

பங்குனியில்

மறுபடி அதே ஐந்து வண்டி, அதே கல்லணை, ஆறு மணி. பாலத்தடியில் மச்சான் வேண்டுமென்றே நின்று, என்னைப் பார்த்து, வலது பக்க இண்டிகேட்டரைப் போட்டுச் சிரித்துவிட்டு நேராக வந்தார். திருவையாறு வரை இரண்டு கருவியும் ஒரே வார்த்தை பேசின. கபிஸ்தலம் தாண்டி ஆறு எங்களோடேயே வந்தது. ஒரு படித்துறையில் நிறுத்தி, போன தடவை எதைத் தவறவிட்டோம் என்று பார்த்தோம்.

கஞ்சனூருக்குக் கிழக்கே சித்தப்பா மகன் சொன்னது நடந்தது. வாய்க்கால் மதகு வேலை. சாலையின் குறுக்கே ஜல்லிக் குவியல், அதன் மேல் சிவப்புத் துணி கட்டிய குச்சி. கருவி இரண்டும் “நேராகச் செல்லவும்” என்றன. ஜல்லியைப் பார்த்து நின்றோம். வரப்போரமாக உளுந்துச் செடியைக் காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

“எங்க தம்பி போவணும்?”

“கதிராமங்கலம்மா.”

“அந்தக் களத்து வழியா எறங்கி, அரச மரத்துக்கிட்ட ஏறுங்க. கரையிலயே போயிடலாம். பெரிய ரோட்டுக்குப் போயிடாதீங்க, சுத்து.”

களத்து வழி எந்த மேப்பிலும் இல்லை. இறங்கினோம். மறுகணக்கு நிறுத்தப்பட்டிருந்ததால் இரண்டு கருவியும் வாயை மூடிக்கொண்டன. நீலக் கோடு மட்டும் வலது பக்கம் நூறு மீட்டரில் தெரிந்துகொண்டே இருந்தது. அரச மரத்தடியில் ஏறியதும் அம்புக்குறி கோட்டின் மேல் போய் உட்கார்ந்தது. சார் பின்னாலிருந்து ஹாரன் அடித்தார், அவர் போனிலும் அதே.

பூம்புகாரில் என் கருவியின் பயண மீட்டர் 142.1 காட்டியது. மறுகணக்கை இப்போது முழுதாக நிறுத்தாமல், கேட்டுவிட்டுச் செய்யும்படி மாற்றி வைத்திருக்கிறேன். 17-ஆம் புள்ளி அந்த மதகுக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தது, அதை 400 மீட்டர் கிழக்கே தள்ளியிருக்கிறேன். வேலை முடிந்துவிட்டதா என்று அடுத்த வாரம் அந்தப் பக்கம் அளவைக்குப் போகும்போது பார்க்க வேண்டும்.